ஜொலித்தவள் என்று நீ எழுதிய உன் அக்கா

குமரா,

நேற்றும் போனில் அதையேதான் கேட்டாய். உன் கல்யாணத்துக்கு அக்கா வருகிறாளா இல்லையா, முன் வரிசையில் நாற்காலி போடச் சொல்ல வேண்டும், பெண் வீட்டார் கேட்கிறார்கள் என்றாய். நான் வாயைத் திறக்காமல் இருந்ததும் உனக்குக் கோபம் வந்துவிட்டது. "அக்கா ரொம்ப ஓவரா பண்றாம்மா. நான் அப்படி இன்னா தப்பா எழுதிட்டேன்? ஒரு வார்த்தையக் காட்டு பாக்கலாம்" என்றாய். அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் எதிரில் பேச வேண்டாம் என்று, அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். போனில் சொன்னால் நடுவில் பேசுவாய். பேசினால் என்னை ஜெயித்தும் விடுவாய், உன் தொழில் அது. அதனால்தான் எழுதுகிறேன். கல்யாண வேலைக்கு நடுவில் அம்மா இவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறாளே என்று புரட்டிவிட்டுப் போய்விடாதே. ஓர் இடத்தில் உட்கார்ந்து படி.

நீ கேட்ட அந்த ஒரு வார்த்தை, 'ஜொலித்த' என்பது. நல்ல வார்த்தைதானே, இதில் என்ன இருக்கிறது என்பாய். எனக்கு அந்த வார்த்தையோடு வெகுகாலப் பழக்கம். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசில் நான் பார்த்த வேலை உனக்குத் தெரியும். காலையில் வந்து விழும் பேப்பர்களில் நம் மாவட்டத்தைப் பற்றி எது வந்திருந்தாலும் அதை வெட்டி, வெள்ளைத் தாளில் ஒட்டி, மேலே எந்தப் பேப்பர் என்று எழுதி உள்ளே அனுப்ப வேண்டும். கத்தரிக்கோலும் பசையுமாகவே என் சர்வீஸ் போனது. கார்த்திகை வந்தால் மின்விளக்கில் கோபுரம் ஜொலிக்கும். அது சரி, நிஜமாகவே விளக்குப் போட்டிருப்பார்கள். அது முடிந்தால் கபடியில் ஒரு பள்ளிக்கூடம் ஜொலிக்கும். மார்க்கெட் கமிட்டியில் வேர்க்கடலை விலை ஜொலிக்கும். ஏதோ ஒரு கட்சியில் ஒரு இளைஞர் ஜொலிக்கத் தொடங்குவார். பெரிய மனிதர் யாராவது செத்துப்போனால், ஜொலித்த நட்சத்திரம் மறைந்தது என்று வரும். பந்தயத்தில் தோற்றால் 'சோபிக்கவில்லை', தேர்தலில் தோற்றால் 'மங்கியது'. பேப்பரில் இருக்கிறவர்களுக்கு இந்த இரண்டே நிலைமைதான். நம் வீட்டில் யாராவது அந்த வார்த்தையைப் பேசிக் கேட்டிருக்கிறாயா? பாத்திரம் பளபளன்னு இருக்கும், வெயில் பளிச்சுனு அடிக்கும், பிள்ளை முகம் களையாக இருக்கும். அவ்வளவுதான். நம் வீட்டில் எதுவும் ஜொலித்ததில்லை. கோபுரம் ஜொலித்தது என்று எழுதினால் விடிந்ததும் விளக்கை அணைத்துவிடுவார்கள், கோபுரத்துக்கு ஒன்றும் ஆகாது. ஒரு பெண்ணை அப்படி எழுதிவிட்டால், அவள் அணைந்துபோய்விட்டாளா என்று பார்க்க என்றைக்காவது ஒருவன் வந்தே தீருவான். அந்த ஒருவன் நான் பெற்ற பிள்ளையாக இருப்பான் என்றுதான் நான் நினைக்கவில்லை.

உன் அக்கா மலருக்குப் பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாள் உனக்கு அரைகுறையாக ஞாபகம் இருக்கும். அப்போதெல்லாம் மாவட்டத்தில் முதலிடம் யார் என்று பெயர் சொல்லி அறிவிப்பார்கள். கீழ்பென்னாத்தூரில் படித்த பெண் முதலிடம் என்றதும் நிருபர்கள் நம் வீட்டைத் தேடி வந்துவிட்டார்கள். நான் ஆபீசில் சொல்லிவிட்டு பஸ் பிடித்து ஓடி வந்தேன். அப்பா அன்றைக்கு உரம் விஷயமாக டவுனுக்குப் போய்வந்து பேன்ட் சட்டையில் இருந்தார். போட்டோ எடுக்க வந்தவர் அவரைப் பார்த்துவிட்டு, வேட்டி கட்டிக்கொண்டு தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வரச் சொன்னார். மாட்டுக் கொட்டகைப் பக்கம் நின்றால் நன்றாக இருக்கும் என்றார். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை, ஆனால் மகளுக்காகப் போய்க் கட்டிக்கொண்டு வந்தார். லட்டு ஊட்டச் சொன்னார்கள், ஊட்டினார். நான் மலரின் இன்னொரு பக்கம் போய் நின்றேன். என் கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். "அம்மா, நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார். தள்ளி நின்றேன்.

மறுநாள் வந்தது, 'வறுமையிலும் ஜொலித்த விவசாயி மகள்' என்று. அந்தச் செய்தியில் நான் இல்லவே இல்லை. சம்பளம் வாங்குகிற அம்மா இருந்தால் ஜொலிப்பு கம்மியாகிவிடும் போலிருக்கிறது. என்ன ஆகப் போறேம்மா என்று அவர்கள் கேட்டபோது, கணக்கு படிக்கணும் சார், அப்புறம் தெரியல என்று மலர் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். பேப்பரில், 'ஆட்சியராகி ஏழைகளுக்குச் சேவை செய்வதே லட்சியம்' என்று இருந்தது. அந்தச் செய்தியையும் ஆபீசில் நான்தான் வெட்டி ஒட்டினேன். எனக்கும் அன்றைக்குச் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். கோணலாகிவிடக் கூடாதே என்று மெதுவாக ஒட்டினேன். அப்பா பேப்பரைப் படித்துவிட்டு, "வறுமையா, யாருக்கு?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் களை பறிக்க மல்லாட்டைக் கொல்லைக்குப் போய்விட்டார்.

அதற்கப்புறம் ஊர் அவளை விட்டதா? பஸ்ஸில் ஏறினால், இன்னாம்மா கலெக்டர் ஆயிட்டியா என்று கேட்பார்கள். கல்யாண வீட்டில் கேட்பார்கள், துக்க வீட்டில்கூட ஒருத்தர் கேட்டார். அவள் திருவண்ணாமலையில் கணக்கு படித்தாள், மேல்படிப்பும் கணக்கிலேயே முடித்தாள். அந்தப் படிப்பில் அவள் எவ்வளவு சந்தோஷமாக இருந்தாள் என்று எனக்குத் தெரியும். ஒரு கணக்கைப் போட்டுவிட்டு அடுப்படிக்கு வந்து, அம்மா இது எவ்ளோ அழகா வந்துது பாருன்னு காட்டுவாள். எனக்கு ஒன்றும் புரியாது, அவள் முகத்தைப் பார்ப்பேன். தனியார் பள்ளியில் வாத்தியாராகச் சேர்ந்தாள். அப்பாவுக்கு வலது பக்கம் கையும் காலும் வராமல் போனபோது, நான் ஆபீசுக்குப் போக வேண்டுமே என்று அவள்தான் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்தாள். தியாகம் என்று யாரும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. அந்தப் பள்ளியில் பிள்ளைகளை மனப்பாடம் பண்ண வைப்பது அவளுக்கு முன்பே பிடிக்காமல்தான் இருந்தது. அப்பா எழுந்து நடக்க ஆரம்பித்ததும் ஏழுமலை மாப்பிள்ளையோடு கல்யாணம் ஆனது. மாப்பிள்ளையிடம் ஒரு லோடு வேன் இருந்தது. மலருக்கு ஒரு யோசனை இருந்தது. கிரிவலப் பாதையில் இருக்கிற ஓட்டல்களுக்குப் பௌர்ணமி சமயத்தில் மாவு அரைத்து முடியவில்லை, ஆள் கிடைப்பதில்லை என்று கேள்விப்பட்டிருந்தாள். நம் வீட்டுக்குப் பின்னாலேயே ஒரு அறை கட்டி, வெள்ளை டைல்ஸ் ஒட்டி, பெரிய கிரைண்டர் போட்டாள். அரிசிக்கும் உளுந்துக்கும் தண்ணீருக்கும் வெயில் காலத்துக்கு ஒரு கணக்கு, குளிர் காலத்துக்கு ஒரு கணக்கு என்று அவளே போட்டுப் பார்த்து வைத்தாள். தெருவில் இருந்து செல்வியும் இன்னும் இரண்டு பெண்களும் வேலைக்கு வந்தார்கள். நன்றாகப் போயிற்று. கலெக்டர் ஆயிட்டியா என்று கேட்கிறவர்களும் ஒருவழியாக ஓய்ந்துபோனார்கள். மறந்துவிட்டார்கள், குமரா. எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? அவள் வாழ்க்கையில் அதுதான் நல்ல காலம்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ பத்திரிகைப் படிப்புக்குச் சென்னைக்குப் போகிறேன் என்றபோது அப்பா முடியவே முடியாது என்றார். தலையில் துண்டு சுற்றச் சொல்லி எடுத்த அந்தப் போட்டோவை அவர் மறக்கவில்லை. அந்த ஆட்கள் வேலைக்கா என் பையன் போவான் என்று கத்தினார். நீ ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். உனக்காக அவரிடம் பேசியது மலர். நீ கதவுக்குப் பின்னால் கேட்டாயோ இல்லையோ, நான் சொல்கிறேன். "எல்லாரும் அப்படியே எழுத மாட்டாங்கப்பா. இவன் நம்ம வீட்டுப் பையன். இவன் போனா ஒழுங்கா எழுதுவான்" என்றாள். அந்த வார்த்தைக்காகத்தான் அப்பா உன்னை அனுப்பினார்.

போன பொங்கலுக்கு நீ வந்திருந்தாய். காலையில் அவள் வேலையாக இருக்கும்போது போனை வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி எடுத்தாய். அவள் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, முடியைக் கொண்டை போட்டுக்கொண்டு, நெற்றியெல்லாம் வியர்வையோடு மாவை வழித்துக்கொண்டிருந்தாள். எதுக்குடா எடுக்கற என்று கேட்டாள். சும்மாக்கா, ஞாபகத்துக்கு என்றாய். நான் அந்த அறை வாசலில் கோலமாவு டப்பாவோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் உடனே நேராக நின்று, கையைக் கழுவிவிட்டு வரட்டுமா என்றாள். வேணாம், இப்படியே இரு, நேச்சுரலா இருக்கு என்று சொன்னாய். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நீ போடவில்லை. அவள் குனிந்து நின்றதை மட்டும்தான் போட்டாய்.

இந்த வருஷம் ரிசல்ட் வந்த அன்று, நீ உன் நியூஸ் சைட்டில் போட்ட வீடியோவை மாப்பிள்ளைக்குத்தான் முதலில் யாரோ அனுப்பினார்கள். இப்போது முதலிடம் என்று அறிவிப்பதில்லை, அதனால் உங்களுக்கு எழுத ஆள் இல்லாமல் போயிருக்கும். பழைய பேப்பர் போட்டோவைக் காட்டி, சோக இசை வைத்து, 'அன்று மாவட்டமே வியக்க ஜொலித்தவர், இன்று மாவு அரைக்கிறார்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தாய். 'விதி மங்க வைத்த நட்சத்திரம்' என்று கீழே. அவள் அறையின் வெள்ளை டைல்ஸ் புகை பிடித்த சுவர் மாதிரி தெரிந்தது. ஏதோ ஃபில்டர் போட்டால் அப்படி வருமாம், மலர் பெண் யாழினி சொன்னாள். எட்டு வயசுப் பிள்ளைக்குத் தெரிகிறது. நல்ல வெளிச்சமான அறையை இருட்டாக்கி, அதற்குள் உன் அக்காவை நிற்க வைத்து, ஜொலிப்பு போய்விட்டது என்று நீயே சொன்னாய். உன் பெயர் அதில் இருந்தது. அவள் உன் அக்கா என்பது மட்டும் எங்கேயும் இல்லை. நான் ஒருமுறை போட்டோவில் இருந்து தள்ளி நின்றேன் என்று சொன்னேன் அல்லவா, நீ உன்னையே தள்ளி நிறுத்திக்கொண்டாய்.

மறுநாள் என்ன நடந்தது என்று நீ கேட்கவே இல்லை. எத்தனை பேர் பார்த்தார்கள் என்றுதான் சொன்னாய். இங்கே தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் எல்லாம் வாசலுக்கு வந்தார்கள். ஒரு அம்மா பழைய புடவை கொண்டுவந்து கொடுத்தார். மலர் வாங்கவில்லை, அந்த அம்மாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஒரு கட்சிக்காரர் சின்ன கிரைண்டர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போட்டோகிராபரோடு வந்தார். உள்ளே பெரிய கிரைண்டர் ஓடுகிற சத்தம் அவர் காதில் விழுந்திருக்கும், இருந்தாலும் ஒரு போட்டோ எடுத்துக்கலாம் என்றார். கீழே கமெண்டில் எழுதியதை எல்லாம் மாப்பிள்ளை வேனிலேயே உட்கார்ந்து படித்தார். இவ புருஷன் இன்னா பண்றான், குடிகாரனா இருப்பான், பொண்டாட்டி உழைப்புல உக்காந்து சாப்புடறான். அந்த மனுஷனுக்கு வெற்றிலைப் பழக்கம்கூடக் கிடையாது. அதற்கப்புறம் அவர் ஓட்டல் வாசலில் வண்டியை நிறுத்துவதில்லை. கொஞ்சம் தள்ளி நிறுத்திவிட்டு மாவு டப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்து போகிறார்.

இரண்டு ஓட்டல்காரர்கள் மாவு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இடம் அவ்வளவு அழுக்கா இருக்கே, வர்ற கஸ்டமர் வீடியோவக் காட்டிக் கேக்கறாங்க, நாங்க இன்னா சொல்றது என்றார்களாம். வேலை குறைந்தது. செல்வியை நிறுத்த வேண்டியதாயிற்று. மலர் அதை அவளிடம் சொல்ல முடியாமல் ஒரு வாரம் தள்ளிப்போட்டாள். கடைசியில் செல்வியே புரிந்துகொண்டு, நான் வேற எடம் பாத்துக்கறேன்கா என்று சொல்லிவிட்டுப் போனாள். இப்போது விடியக் காலையில் பஸ் ஏறி செய்யாறு பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகிறாள். விதி அது இதுவென்று எழுதினாயே, அவள் விதியை யார் எழுதியது?

இதெல்லாம்கூடப் போகட்டும். பள்ளிக்கூடத்தில் யாரோ ஒரு டீச்சர் யாழினியைக் கூப்பிட்டு, உங்கம்மா வீடியோ பார்த்தேன், பாவம், நீயாவது நல்லா படி என்று தலையைத் தடவியிருக்கிறார். நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். சாயங்காலம் பிள்ளை வந்து பையைக்கூடக் கழற்றாமல் மாவு அறை வாசலில் போய் நின்றது. "அம்மா, நீ தோத்துட்டியா?" என்று கேட்டது. மலர் கிரைண்டரை நிறுத்தினாள். நான் உளுந்து கழுவிக்கொண்டிருந்தேன், கையை எடுக்கவில்லை. "நான் எங்கடி போட்டிக்குப் போனேன், தோக்கறதுக்கு?" என்றாள் மலர். பிள்ளைக்கு அது போதவில்லை. அப்புறம் ஏன் மாமா அப்படிப் போட்டாரு என்று கேட்டது. மலர் என்னைப் பார்த்தாள். நான் உளுந்தைப் பார்த்தேன். உன்னைப் பெற்றவள் நான், நான்தான் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

அன்றைக்கே உனக்குப் போன் பண்ணினேன். அதை எடுத்துடுடா என்றேன். எடிட்டர் ஒத்துக்க மாட்டார்மா, நல்லா போயிட்டிருக்கு என்றாய். அக்காவுக்கு இது நல்லதுதான், நாலு பேருக்குத் தெரியுது என்றாய். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் கேமராக்காரப் பையன் ஒருவனோடு வந்து நின்றாய். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்கிறாய் என்று நினைத்தேன். கோழி வாங்கி வரச் சொல்லி மாப்பிள்ளையை அனுப்பக்கூட அனுப்பினேன். மலர் உங்கள் இரண்டு பேருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள். அந்தப் பையனிடம் ஊர் பேர் எல்லாம் மரியாதையாக விசாரித்தாள். நீ டீயைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னாய்:

"அக்கா, உனக்குக் கோவம்னு தெரியும். அதுக்குத்தான் வந்தேன். இன்னொன்னு எடுத்துடலாம். நல்லா புடவ கட்டிக்க, லைட் போட்டு எடுக்கறேன். 'மீண்டும் ஜொலிக்கிறார்'னு போட்டா எல்லாம் சரியாயிடும்."

நீ பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. நிஜமாகவே நீ அதை மருந்து என்றுதான் நினைத்தாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வேண்டுமென்றே பண்ணியிருந்தால்கூட உன்னைத் திட்டித் தீர்த்திருப்பேன்.

"எனக்கு ஜொலிக்க வேணாம்டா. அத எடுத்துடு, போதும்" என்றாள்.

"அது என் கைல இல்லக்கா."

"எடுத்தது உன் கைதானே?"

நீ எழுந்தாய். சாப்டுட்டுப் போடா என்று அவள்தான் சொன்னாள். வேலை இருக்கு என்றாய். மாப்பிள்ளை கோழியோடு திரும்பி வந்தபோது உங்கள் கார் தெருமுனை தாண்டிவிட்டது. அன்றைக்கு அந்தக் குழம்பை வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று சொல்லிவிடுகிறேன், நீயாகக் கேட்கப் போவதில்லை. விட்டுப் போன ஓட்டல்களில் ஒன்று திரும்ப வந்துவிட்டது. அந்த ஓட்டல் முதலாளியே நேரில் வந்து அறையைப் பார்த்தார். வீடியோவில் வேறு மாதிரி இருந்ததே என்று சொல்லிவிட்டு, அடுத்த பௌர்ணமிக்கு மாவு சொல்லிவிட்டுப் போனார். இன்னொன்று வரவில்லை. மாப்பிள்ளை இன்னும் வண்டியைத் தள்ளித்தான் நிறுத்துகிறார். மலர் முன்பு மாதிரிதான் இருக்கிறாள், வேலை செய்கிறாள், சிரிக்கிறாள். ஆனால் யார் போனைக் கையில் எடுத்தாலும் அவள் கை தானாகப் போய்ப் புடவையைச் சரி பண்ணுகிறது. யாழினி பிறந்தநாளுக்கு ஒரு போட்டோகூட எடுக்கவில்லை. பிள்ளை அழுதது. எடுத்த போட்டோவை யாரும் யாருக்கும் அனுப்பக் கூடாது என்றால் எடுக்கலாம் என்றாள் மலர். அதை யார் உறுதி சொல்வது? எடுக்கவில்லை. நீ போட்டது இன்னும் அப்படியேதான் இருக்கிறது, இன்று காலையும் பார்த்தேன். புதிதாக யாரோ 'பாவம்' என்று எழுதியிருந்தார்கள்.

அவளுக்கு உன் மேல் கோபம் இருந்தால் நான் சமாதானம் பண்ணிவிடுவேன். கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. உன் பேச்சு வந்தால் எழுந்து போவதில்லை, கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்து வீட்டுப் பையனைப் பற்றிக் கேட்கிற மாதிரி. நீ அவளைக் கல்யாண மேடையில் கூப்பிட்டு சால்வை போட்டுக் கௌரவிக்கப் போவதாகவும், உங்கள் ஆட்கள் வந்து படம் எடுப்பார்கள் என்றும் சொன்னாயே, அதை அவளிடம் நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். நாத்தனார் முடிச்சு யார் போடுவது என்று உனக்குக் கவலை இருக்கும். உன் பெரியப்பா பெண்ணிடம் சொல்லியிருக்கிறேன், அவள் போடுவாள். மலரிடம் கேட்டேன். அன்றைக்குப் பௌர்ணமி, ஆர்டர் இருக்கு என்றாள். முகூர்த்தம் காலையிலேயே முடிந்துவிடும், ஒரு வேளை போய் வரலாமே என்றேன். மறுபடியும் அதையேதான் சொன்னாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. நானும் அப்பாவும் வருவோம். தாலி கட்டுவதைப் பார்ப்போம், அட்சதை போடுவோம், சாப்பிட்டுவிட்டு அன்று சாயங்காலமே பஸ் ஏறிவிடுவோம். வாசலில் நின்று வரவேற்க வேண்டும் என்றால் நிற்கிறேன், அம்மா செய்ய வேண்டியது எதையும் குறைவைக்க மாட்டேன். உன் சைட் ஆட்கள் யாராவது மைக்கை நீட்டினால் மட்டும் நான் பேச மாட்டேன், இப்போதே சொல்லிவை.

கல்யாணம் ஆகப் போகிற பிள்ளைக்கு அம்மா நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. அந்தப் பெண் உன் வீட்டுக்கு வந்து தலை பின்னாமல் உட்கார்ந்திருப்பாள், அடுப்படியில் சோற்றைத் தீய்த்துவிட்டு முழிப்பாள், அம்மா ஞாபகம் வந்து அழுவாள், ஒரு வேலை கிடைக்காமல் சும்மா இருப்பாள். எல்லாம் இருக்கும். அப்போது உன் கை போனுக்குப் போகும், பழக்கம் அப்படி. போக விடாதே. அவள் நன்றாக இருக்கிறாளா இல்லையா என்று தெரிய வேண்டுமென்றால் அவளிடமே கேள். அவள் சொன்னதை அப்படியே வைத்துக்கொள். மேலே ஒரு வார்த்தையைப் போட்டு மினுக்க வேண்டாம், கீழே ஒரு வார்த்தையைப் போட்டு மங்க வைக்கவும் வேண்டாம். உன் அக்காவுக்கு நீ செய்ததை நான் மறந்துவிடுவேன் என்று எதிர்பார்க்காதே. எனக்கு வயசாகிறது, நிறைய மறக்கிறது, இது மறக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொல்லக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள், இருந்தாலும் சொல்கிறேன். போன வாரம் மலர் டவுனுக்குப் போய் உன் பெண்டாட்டிக்கு ஒரு பட்டுப்புடவை எடுத்து வந்தாள். மாம்பழ நிறம், அரக்குக் கரை. நீ அனுப்பிய போட்டோவில் அந்தப் பெண் நிறம் எப்படி என்று என் போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் போனாள். கடையில் வெகுநேரம் நின்று பொறுக்கினாள் என்று மாப்பிள்ளை சொன்னார். என் கையில் கொடுத்து, நீ எடுத்ததுன்னே குடும்மா, என் பேரச் சொல்லாதே என்றாள். ஏண்டி என்றேன்.

"சொன்னா அதையும் போட்டுடுவான்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மழை வர மாதிரி இருக்கு, துணிய எடுத்துடு என்று சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு, அரிசி ஊறப்போடப் போய்விட்டாள்.

அந்தப் பெண் அதைக் கட்டிக்கொண்டு உன் பக்கத்தில் நிற்கும்போது, எடுத்தது யார் என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் சொன்னேன். யாரிடமும் சொல்லாதே, குமரா. இதை எங்கேயும் எழுதிவிடாதே.

அம்மா